மூன்றும் ஒரே மருந்து

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து வந்தது உனக்குப் புதிராக இருந்திருக்கும். கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரம் நிறையவே இருந்தது. நீ மீனாவிடம் சொன்ன கதையைக் கேட்டபிறகு அந்த நாற்காலியில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மீனாவின் பிரசவ லீவு முடியப்போகிறது, பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டுச் சீன அம்மா தானாகவே வந்து, நான் பார்த்துக்கொள்கிறேனே என்று கேட்டிருக்கிறார். மீனாவுக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது, அவள் முகத்திலேயே தெரிந்தது. நீதான் சிரித்துக்கொண்டே மறுத்தாய். "வேணாம் லா மீனா. சின்ன வயசுல என்னையும் ஒரு சீன ஆன்டிதான் பாத்துக்கிட்டாங்க. என்னமோ சீன மருந்தக் குடிக்கக் கொடுத்து என் ஈரலையே கெடுத்துட்டாங்க. செத்துப் பொழச்சேன். அம்மாவ வேணா கேட்டுப் பாரு." மீனா என் பக்கம் திரும்பினாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வழக்கம்போல் பூசி மெழுகிவிடுவேன். ஆ சிம் உனக்கு எந்தச் சீன மருந்தும் கொடுக்கவில்லை. உன் ஈரல் கெட்டது எங்களால். நானும் உன் அப்பாவும் எங்கள் கையாலேயே, காய்ச்சலுக்கும் சளிக்கும் என்று கொடுத்த சாதாரண மருந்துகளால். இது எங்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் பழியைத் தூக்கி அவர் மேல் போட்டோம். இத்தனை வருஷமாக நீயும் அதை உண்மை என்று நம்பி, ஆபீஸிலும் நண்பர்களிடமும் வேடிக்கைக் கதை மாதிரி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய். நீ சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லாமல் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நாம் பண்டமாரானில் இருந்தோம், உனக்கு ஓரளவுக்கு ஞாபகம் இருக்கும். பலகை வீடு, பின்னால் ஒரு பப்பாளி மரம், அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் ஆ சிம்மின் வீடு. அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஹொக்கியனில் சின்னம்மா என்ற அர்த்தத்தில் ஆ சிம் என்று கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிட்டோம். நான் சுங்கை வேயில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் முனையில் வந்து நிற்கும். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், அவருக்கும் ஷிஃப்ட்தான். நாங்கள் இருவரும் இல்லாத நேரத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டவர் ஆ சிம். அவர் வீட்டில் எந்நேரமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருக்கும், பாதிக்கு மேல் நம் தமிழ்ப் பிள்ளைகள். அதுகளிடமிருந்து வா, சாப்ட்டியா, அழாதே என்று கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் எங்களோடு மலாய் மொழியில்தான். உன்னை, பையன் என்ற அர்த்தத்தில், 'போய்' என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். நீ அவர் இடுப்பை விட்டு இறங்க மாட்டாய். என்னிடம் வரமாட்டேன் என்று அழுவாய், அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம் என்னை லைன் லீடராக, ஒரு வரிசைப் பெண்களுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. சத்தமே இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் நடமாடினோம். நீதான் எங்களுக்குப் போஸ்ட்மேன். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல் என்பேன், நீ ஓடுவாய். சட்டையில் பட்டன் போயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல் என்பார், நீ திரும்பி ஓடி வருவாய். உனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. எங்களுக்கும் வசதியாக இருந்தது. உனக்குக் காய்ச்சல் வந்து நீ படுத்துவிட்டபோது அந்தத் தபாலும் நின்றுபோனது.

முதலில் சாதாரணச் சளிதான். மூக்கு ஒழுகியது, உடம்பு சுட்டது. ஃபேக்டரிக்கென்று ஒரு பேனல் கிளினிக் இருந்தது, உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அங்கே எப்படி மருந்து கொடுப்பார்கள் என்று உனக்கே தெரியும், இன்றைக்கும் அப்படித்தானே. சின்ன பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஒன்றில் காய்ச்சலுக்கு, இன்னொன்றில் சளிக்கு, இத்தனை கரண்டி, இத்தனை வேளை. உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை இருக்காது. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் போய்க் கேள்வி கேட்பதா என்றிருந்த காலம். சிவப்புத் தண்ணீர் காய்ச்சலுக்கு, மஞ்சள் தண்ணீர் சளிக்கு. நிறம் வேறாக இருந்தால் மருந்தும் வேறுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், உன் அப்பாவுக்கு மத்தியான ஷிஃப்ட். நான் விடியுமுன் உன்னை எழுப்பி இரண்டு போத்தலிலிருந்தும் கொடுத்துவிட்டு, போகிற வழியில் போத்தல்களை ஆ சிம்மின் கையில் கொடுத்துவிடுவேன், மத்தியான வேளைக்கு அவர் கொடுக்க வேண்டும் என்று. வேலை முடிந்து வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு நானே கொடுப்பேன், படுக்கும்போதும் கொடுப்பேன். அதனால் உன் அப்பா அந்தப் போத்தல்களைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் காலையில் எழுந்து பார்த்தால் பிள்ளை உடம்பு கொதிக்கிறது, வீட்டில் மருந்து என்று ஒன்றும் இல்லை. பெரிய லைன் லீடர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுகூடப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று அவர் மனதில் என்னைத் திட்டியிருக்கிறார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். மளிகைக் கடைக்குப் போய்ப் பெரியவர்கள் சாப்பிடும் சளிக்காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை வாங்கிவந்து, பாதியாக உடைத்து, தேனில் குழைத்து உனக்குக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, வேலை முடிந்து வந்து, நான் தூங்கியபிறகு ஒன்று. நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் என்னிடம் சொல்லவில்லை. உனக்கு வியர்த்து உடம்பு குளிர்ந்தால் என் மருந்து கேட்டது என்று நான் நினைத்தேன், தன் மருந்து கேட்டது என்று அவர் நினைத்தார். இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இது நடப்பதை ஒருவர் பார்த்துவிட்டார். மத்தியானம் உன்னைக் கூட்டிப்போக வரும்போது, உன் அப்பா ஏதோ மாவு மாதிரிக் கரைத்து உனக்கு ஊட்டுவதை ஆ சிம் பார்த்திருக்கிறார். சற்று நேரத்தில் தானும் இந்தச் சிவப்பையும் மஞ்சளையும் கொடுக்க வேண்டும். அவருக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு அவர் மத்தியான மருந்தைக் கொடுக்கவில்லை. நான் வந்ததும் போத்தல்களை நீட்டி, "நான் மத்தியானம் கொடுக்கல. பையன் ஒண்ணும் சாப்பிடல, மருந்து ரொம்பப் போவுது. உன் வீட்டுக்காரரும் ஏதோ..." என்று மலாயில் ஆரம்பித்தார். அவ்வளவுதான் சொல்ல விட்டேன். உன் வீட்டுக்காரர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கோபம் மூக்கு மேல் வந்துவிட்டது. அவர் பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள், நான் சொன்ன வேளைக்குச் சொன்னதைக் கொடுங்கள், அதற்குத்தான் பிள்ளையை உங்களிடம் விட்டிருக்கிறேன் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். அவர் போத்தல்களை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார். மறுநாளிலிருந்து மத்தியானம் தவறாமல் கொடுத்தார். நான் சொன்னேன் என்பதற்காகக் கொடுத்தார், தம்பி.

உனக்கு வாந்தி வந்தது. நாங்கள் சளி என்றோம். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வாய் என்றோம். எந்நேரமும் தூங்கிக்கொண்டே கிடந்தாய். ஓய்வு எடுக்கட்டும் என்று நான் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று நீ அழுதது ஆ சிம்மிடம்தான். வெளியே வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து கண்ணைப் பிரித்துப் பார்த்திருக்கிறார், வெள்ளை விழி மஞ்சளாக இருந்திருக்கிறது. எங்களுக்கு ஆள் அனுப்பினார், ஆனால் நாங்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, மீன் ஏற்றிவந்த ஒரு லோரியை மறித்து, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். போகும்போது அந்த இரண்டு போத்தலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு அவர் என் வார்த்தைக்குப் பயந்து, அம்மா வரட்டும் என்று என் வருகைக்காகக் காத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்தைப் படிக்க நீ இருந்திருக்க மாட்டாய். இதை நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயது, கண்டிப்பான முகம். நான் ஃபேக்டரி சட்டையோடு ஓடினேன், உன் அப்பா துறைமுகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வார்டுக்கு வெளியே ஒரு மேசை. அதன் மேல் என் சிவப்புப் போத்தலும் மஞ்சள் போத்தலும் இருந்தன. அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார், சொன்னேன். வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்றார். இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வாரக்கணக்கில் பேசாதவர்கள் அந்த மேசைக்கு முன்னால்தான் ஒருவர் செய்ததை ஒருவர் தெரிந்துகொண்டோம். டாக்டர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போத்தல்கள் பக்கத்தில் தள்ளி வைத்தார். "இந்தச் செவப்பு பாராசிட்டமோல். இந்தச் சளி மருந்துலயும் பாராசிட்டமோல் கலந்திருக்கு. நீங்க கடையில வாங்குனதும் அதேதான், அதுவும் பெரியவங்க அளவு. மூணும் ஒரே மருந்து. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?"

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு விளக்கினார். அளவோடு கொடுத்தால் அது நல்ல மருந்து, காய்ச்சலுக்கும் வலிக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிற மருந்து. அளவு மீறினால் ஈரலைப் பிடிக்கும். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கும்போது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் நீங்கள் யாரும் அதிகமாகக் கொடுத்த மாதிரித் தெரியாது, மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும், கூட்டிப் பார்க்க உங்கள் வீட்டில் ஆள் இல்லை என்றார். உன் சின்னக் கையில் டிரிப் ஏற்றினார்கள், அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். ஈரல் தேறுமா தேறாதா என்று பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீ தேறிவிட்டாய். அதற்கு நாங்கள் கும்பிடாத சாமி இல்லை. சாமியைக் கும்பிட்டோமே தவிர, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை நினைக்கவில்லை.

டாக்டர் எங்களிடம் பேசியதெல்லாம் தமிழில். ஆ சிம் சற்றுத் தள்ளிச் சுவரோரமாக, மீன்வாடை அடிக்கும் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் போனதும் என் கையைப் பிடித்து, என்ன சொன்னார்கள், பையனுக்கு என்ன என்று கேட்டார். என்னால் அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை ஆ சிம், தப்பு எங்களுடையது என்று மலாயில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் இல்லை. நான் சொன்னது வேறு. பையன் உடம்புக்கு ஆகாத எதையோ குடித்திருக்கிறானாம் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. நான் பார்லித் தண்ணீர்தானே கொடுத்தேன், சூடு தணியட்டும் என்று கொடுத்தேன் என்றார். நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

அடுத்ததைச் செய்து முடித்தவர் உன் பெரிய அத்தை. உன்னைப் பார்க்க வந்தவர் கதவுப் பக்கம் ஆ சிம்மைப் பார்த்துவிட்டு, அந்தச் சீனத்தி என்ன கஷாயத்தைக் குடிக்க வைத்தாளோ என்று ஆரம்பித்தார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை நாள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அந்த ஒன்றில் ஒத்துப்போனோம். பிறகு எங்களுக்குள் பேச்சும் வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தை ஆரம்பித்தது கம்பம் முழுக்க, அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் பரவியது. அவர் வீட்டில் பிள்ளைகளை விட்டவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். நீ வீட்டுக்கு வந்தபிறகு அவர் ஒருமுறை ஆரஞ்சுப் பழங்களோடு வாசலில் வந்து நின்றார். பிள்ளை தூங்குகிறான் என்று சொல்லி நான் கதவைச் சாத்தினேன். நீ தூங்கவில்லை. உள்ளேயிருந்து அவர் குரலைக் கேட்டு ஆ சிம், ஆ சிம் என்று கூப்பிட்டாய். கொஞ்ச நாளில் நாங்கள் கிள்ளான் டவுனுக்கு வீடு மாறினோம். ஃபேக்டரிக்குப் பக்கம் என்று காரணம் சொன்னோம்.

பழங்கதை போகட்டும், இப்போது பாப்பாவுக்கும் மூக்கு ஒழுகுகிறது. அதனால் நான் கற்றுக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன், படிக்கும்போது முகத்தைச் சுளிக்காதே. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு டாக்டர் பார்த்துச் சொல்லாமல் சளி மருந்து என்று எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சலுக்குக் கொடுத்தால் அவள் எடைக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்த அளவுதான், எத்தனை மணி நேரம் விட வேண்டுமோ அத்தனை நேரம் விட்டுத்தான். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் குழைத்துக் கொடுக்கிற புத்தி நம் குடும்பத்தில் உன் அப்பாவோடு போகட்டும். கிளினிக்கில் போத்தலை நீட்டினால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல். முறைத்தால் முறைக்கட்டும், எழுதி வாங்காமல் நகராதே. கடையில் வாங்கினால் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிடு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. இரண்டிலும் பாராசிட்டமோல் இருந்தால் ஒன்று போதும். மருந்து யார் கொடுத்தாலும், கொடுத்த நேரத்தை அடுத்தவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். நீயும் மீனாவும் என்ன சண்டை வேண்டுமானாலும் போடுங்கள், தட்டை வீசுங்கள், ஆனால் அதை மட்டும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் அதிகமாகப் போய்விட்டது என்று தெரிந்தால், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறாள் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதே. ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது என்று அந்த டாக்டர் சொன்னார். மஞ்சள் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் ஆபீஸ் மேசை டிராயரில் தலைவலிக்கு ஒன்று, ஃப்ளூவுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று வைத்திருக்கிறாய், மீனா சொன்னாள். தலைவலி மாத்திரையும் ஃப்ளூ மாத்திரையும் சேர்த்து விழுங்கிவிட்டு மீட்டிங் போகிறாயாம். அதிலும் அதே மருந்துதான் இருக்கிறது, அட்டையைத் திருப்பிப் பார். வலி மாத்திரையில் வேறு வகையும் உண்டு, அதில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சனிக்கிழமை பீர் குடிக்கிற நாளில் இந்தக் கூத்து வேண்டவே வேண்டாம். சளி மருந்து தூக்கம் வரவைக்கும், போட்டுக்கொண்டு கார் ஓட்டாதே. உன் அப்பாவுக்கு இப்போது டாரா திங்கி, ரத்தக் கொதிப்பு. மூக்கடைப்புக்குப் போடும் மாத்திரை அதை ஏற்றிவிடலாம் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டே திரிகிறார், ஆனால் எதைப் போடுவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார். நானும் அவரைக் கேட்கிறேன். வயதான காலத்தில் வந்த ஒழுங்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னதை, நான் தலையாட்டியதை. அவர் டிவியை அணைத்தார். பிறகு, அந்தம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பண்டமாரான் பாசாரில், அந்தச் சந்தைக் கடைகளில் விசாரித்தோம். காப்பாரில் மகன் வீட்டில் இருப்பதாக ஒருவர் வழி சொன்னார். காரில் போய்ச் சேரும்வரை நான் சொல்ல வேண்டியதை மலாயில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன் அப்பா, நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

ஆ சிம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதுகு கூனிப்போயிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நான் யார் என்று சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டார். முதல் கேள்வியே 'போய்' எப்படி இருக்கிறான், ஈரல் சரியாக இருக்கிறதா என்பதுதான். நான் அங்கேயே நின்றபடி சொன்னேன். மூன்று மருந்து, மூன்றும் ஒன்று, நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, நீங்கள் சொல்ல வந்தீர்கள், நான் சொல்ல விடவில்லை, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னது பொய். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இல்லையா?" என்றார். நீங்கள் இல்லை என்றேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஈரக்கையோடு வந்து நின்றது. ஆ சிம் என் முழங்கையைப் பிடித்து மருமகள் பக்கம் திருப்பி, "இப்ப சொன்னத இவகிட்ட இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். முழுவதையும், ஆரம்பத்திலிருந்து. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே மாமியாரைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. தன் பிள்ளைகள் இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்றது. அவர்கள் குழந்தையாக இருந்தபோது மாமியார் ஒருநாள்கூடத் தன் கையால் ஒரு கரண்டி மருந்தோ ஒரு வாய்த் தண்ணீரோ கொடுத்ததில்லை, நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், அதனால் பிள்ளைகளை வேறு ஆளிடம் விட்டுத்தான் வேலைக்குப் போனேன் என்றது. "நாங்க இவங்களுக்குப் பேரப்பிள்ளைங்க மேல பாசம் இல்லன்னு நெனச்சோம்" என்றது. ஆ சிம் குனிந்து தரையில் சிந்திய கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் உன் ஈரலை மட்டும் கெடுக்கவில்லை, தம்பி. அந்த வீட்டில் என்னென்ன கெடுத்தோம் என்று எனக்கு முழுதாகத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

எங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் இதை எழுதவில்லை. கோபப்படு, கொஞ்ச நாள் பேசாமலும் இரு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் மீனாவிடம் இன்றைக்கே சொல். நீ இந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல். எதிர்வீட்டு அம்மாவிடம் பாப்பாவை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம், அதற்கு என் பொய் காரணமாக இருக்க வேண்டாம். நாங்கள் கிளம்பும்போது ஆ சிம் கார் கதவுவரை கூடவே வந்தார். உன்னையும் பாப்பாவையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கூட்டி வருகிறேன் என்று நான் சொல்வதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். "'போய்' இங்க வந்தா, என் வீட்ல ஏதாவது குடிப்பானா?"

ஞாயிற்றுக்கிழமை போல் நான் தலையாட்டவில்லை. எனக்குத் தெரியாது, அவனையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் கதவை விட்டார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், வண்டி திரும்பும்வரை பார்த்தேன்.

அம்மா